ராமலிங்க விலாசத்துச் சுவரும் மொட்டைமாடி சோலாரும்: மெய்நிகர் உலகில் ஒரு கூட்டம் போடுவது பற்றி

கேட்டிருப்பது இது: செகண்ட் லைஃப் மாதிரி, கணினிக்குள் ஆளுக்கொரு உருவத்தோடு நடமாடும் மெய்நிகர் உலகங்களில் கலை வரலாறு, சூரிய மின்சாரம் என்று பொதுச் சொற்பொழிவுகள் நடக்கின்றனவாமே, இராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரையிலோ மண்டபம் ஊரிலோ உட்கார்ந்துகொண்டு நாமும் அப்படி நடத்த முடியுமா? ஜூமில் பேசினால் போதாதா? சம்பந்தமே இல்லாத இந்த இரண்டையும் ஏன் ஒரே மேடையில் பேசுகிறார்கள்?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓவியம் பார்க்கப் பழகியது ஐம்பது வயதுக்கு மேல்தான். இரண்டும் வேறு வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மெய்நிகர் உலகத்தில் நாலைந்து கூட்டம் நடத்திய பிறகு பார்த்தால், இரண்டிலும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கோணத்தில் விழுகிறது, விழுந்த பரப்பு என்ன ஆகிறது. அந்த உலகத்தின் பெரிய வசதியும் அதுதான். அங்கே சூரியனை நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்கலாம். இந்த இரண்டையும் பயன்படுத்தாமல், மெய்நிகர் மண்டபத்தில் மெய்நிகர் நாற்காலி போட்டு மெய்நிகர் திரையில் ஸ்லைடு ஓட்டுவதானால் ஜூமே போதும். செலவும் குறைவு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செகண்ட் லைஃப் 2003 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் திறந்த உலகம். ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், வீடு கட்டலாம். 2007இல் குரல் வசதி வந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது உரக்கவும் தள்ளி நிற்பவர் பேசுவது மெல்லவும் கேட்கும். அதே ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் ஓவியக்கூடம் தன்னிடமிருந்த 750 பழைய ஓவியங்களை அங்கே அறை அறையாக மாட்டியது. அமெரிக்காவின் வாஸர் கல்லூரி சிஸ்டைன் தேவாலயத்தைக் கட்டி வைத்தது. மைக்கேலாஞ்சலோ 1508இலிருந்து 1512 வரை தீட்டிய அந்த விதானத்தை ரோமில் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இங்கே மேலே பறந்துபோய் முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். சாரத்தின் மேல் நின்ற ஓவியர் பார்த்த தூரம் அதுதானே! இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நம் ராமலிங்க விலாசம் நினைவுக்கு வந்தது.

இராமநாதபுரத்துக்காரர்களே பலர் உள்ளே போய்ப் பார்த்திராத இடம் அது. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த அரண்மனை. சுவரோவியங்கள் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தைச் சேர்ந்தவை, அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பது, மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு இரத்தினாபிஷேகம் செய்து சிறப்பிப்பது, தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியரை வரவேற்பது, இராமாயணம், கிருஷ்ணன் கதை என்று சுவரிலும் விதானத்திலும் நிறைந்து கிடக்கும். படத்துக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் பெயர் எழுதியிருப்பார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. வெயிலிலிருந்து வந்த கண் பழகுவதற்குள் கூட வந்தவர்கள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள்.

இந்த ஒரு இடத்தை வைத்தே மூன்று பேச்சு பேசலாம். என் யோசனை, அரண்மனை முழுவதையும் கட்டாதீர்கள். ஒரே ஒரு சுவரை எடுங்கள். இரத்தினாபிஷேகக் காட்சியை வைத்துக்கொள்வோம். கேட்பவர்களைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, யார் உயரமாக வரையப்பட்டிருக்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருடைய கை யாரை நோக்கி நீள்கிறது என்று கேட்டாலே அரசியல் வெளியே வந்துவிடும். மதுரைக்குக் கட்டுப்பட்டிருந்த ஒரு மறவர் சீமை, மதுரை நாயக்கரே தனக்கு மணி கொட்டிச் சிறப்புச் செய்வதைத் தன் வீட்டுச் சுவரில் எழுதிவைக்கிறது. யார் வந்து பார்ப்பதற்காக எழுதினார்கள்? இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படிப்பது வேறு, சுவருக்கு முன்னால் பத்துப் பேர் கூடி நின்று தங்களுக்குள் தர்க்கம் பண்ணுவது வேறு.

அளவு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இந்த உலகங்களில் உருவங்கள் பெரும்பாலும் ஏழடி உயரம் இருக்கும். பார்க்கும் கேமரா தலைக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். அசல் அளவிலேயே வாசல் வைத்தால் கேமரா நிலையில் முட்டும், அறை கோழிக்கூடு மாதிரி தெரியும். அதனால் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிவிடுவார்கள். கலை வரலாறு பேசுகிறவர் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சிறிய அந்தரங்க அறை ஒன்று தர்பார் மண்டபமாக மாறிப்போன செய்தி யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அது ஏற்கெனவே பிரம்மாண்டம். 1212 தூண்கள். வடக்கிலும் தெற்கிலும் சுமார் 640 அடி நீளம், கிழக்கிலும் மேற்கிலும் 400 அடி. செகண்ட் லைஃபில் ஒரு நிலப்பகுதி என்பது பக்கத்துக்கு 256 மீட்டர். 640 அடி 195 மீட்டர்தான். ஆக, சேதுபதிகள் கட்டிய அந்தப் பிரகாரம் அசல் அளவிலேயே ஒரு நிலப்பகுதிக்குள் அடங்கும், ஓரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்குக்கூட இடம் மிஞ்சும். ஒரு தூணைச் செய்து நகலெடுத்து வரிசையில் நிறுத்தினால் அந்த நீண்ட பார்வை கிடைத்துவிடும். ஆனால் அசலில் எல்லாத் தூணும் ஒன்றுபோல் இல்லை, நகலில் அது செத்துவிடும். பேச்சில் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கருவறையைக் கட்டாதீர்கள். வருகிறவர்களில் ஒருவர் பூனை முகத்தோடு வருவார், ஒருவர் சிறகு வைத்திருப்பார், ஒருவர் பூட்ஸ் போட்டிருப்பார். எவரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால் மனசு சங்கடப்படும். பிரகாரத்தோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை. நிழற்படம் எடுப்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்கு 2022 இறுதியில் உயர் நீதிமன்றம் தடை சொல்லிவிட்டது. ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே முறைப்படி அனுமதி கேட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். கேளுங்கள். கேட்காமல் எடுத்ததை ஊர் முன்னால் காட்டி வரலாறு பேச முடியாது.

எனக்குப் பிடித்தது இதைவிடச் சின்னப் பொருள். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறதல்லவா, அங்கே 1980களின் நடுவிலிருந்து தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமக் காசுகள் கிடைத்தன, சின்னச் சக்கரத்தை உருட்டி வரி வரியாகக் கோலமிட்ட ரௌலட் வகைப் பானை ஓடுகள் கிடைத்தன. ஒரு ஓட்டில் கப்பல் ஒன்று கீறப்பட்டிருந்தது. அது மூன்று பாய்மரம் கொண்ட ரோமக் கப்பல் வகை என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த ஓட்டை மெய்நிகர் உலகத்தில் ஒரு வீட்டுக் கூரை அளவுக்குப் பெரிதாக்கி மணலில் சாய்த்து வைத்தேன். சூரியனைக் கீழ்வானத்துக்கு இறக்கி, வெளிச்சம் ஓட்டின் மேல் படுத்தபடி வருமாறு செய்தேன். கீறல் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழுந்து நின்றது. உச்சி வெயிலில் அதே ஓடு மொட்டையாகத் தெரியும். கல்வெட்டுப் படிக்கிறவர்களும் இப்படித்தான் பக்கவாட்டில் விளக்கடித்துப் படிப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் ஒருவர், "இவ்வளவு கோடு போட்டவன் கயிறு கட்டத் தெரிஞ்சவன்தான் தம்பி" என்றார். அதன் பிறகு பாய்க்கயிறு பற்றி அரைமணி நேரம் அவர்தான் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, சூரிய மின்சாரத்துக்கு வருவோம். இந்தப் பேச்சுக்கு மெய்நிகர் உலகம் இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. இராமநாதபுரம் வடக்கு அட்சரேகை 9 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒன்று ஆகஸ்ட் கடைசியில். மற்றது ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கிற சமயத்தில். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். டிசம்பர் கடைசியில் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். பேனலைத் தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்த்து வைக்கச் சொல்கிறார்களே, ஏன் என்று யாராவது கேட்டால் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கி நான் முப்பது வருடம் தோற்றிருக்கிறேன். மெய்நிகர் மொட்டைமாடியில் சூரியனின் திசையையும் உயரத்தையும் எண்ணாகக் கொடுத்து, பன்னிரண்டு மாதத்தையும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று, "அப்ப மே மாசம் வீட்டு வடக்குச் சுவர்ல வெயில் அடிக்கிறது இதனாலதானா?" என்றது. அதேதான்.

செகண்ட் லைஃபின் சொந்த நாளை நம்பி இறங்காதீர்கள். அங்கே ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம், அதில் மூன்று மணி பகல், ஒரு மணி இரவு. நம் ஊர் சூரியன் வேண்டுமென்றால் நாமேதான் கணக்குப் போட்டு நிறுத்த வேண்டும்.

அப்புறம் நிழல். பேனல் விற்கிறவர்கள் கோணத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள், நிழலைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கோணம் பத்து டிகிரி பிசகினால் நேர் வெயிலில் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான் குறையும். ஆனால் பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தால் கதையே வேறு. பேனலுக்குள் மின்சாரம் தரும் சின்னச் சின்னச் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அடைபட்டால் அந்த வரிசையே தடைபடும். பின்னால் இருக்கும் பைபாஸ் டயோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை ஓடவிடும். சாதாரணமாக ஒரு பேனலில் மூன்று டயோடு இருப்பதால், ஒரு முழ நிழல் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்றுவிடும். மெய்நிகர் மாடியில் தென்னையை இங்கும் அங்கும் நகர்த்திக் காட்டினால் இது யாருக்கும் மறக்காது. உண்மையில் அந்த வெயிலில் ஒரு வாட்கூட விளையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சூரியன் திசையையும் பேனலின் சாய்வையும் வைத்துக் கணக்கிட்டு எண் காட்டும் சின்ன நிரல் ஒன்றைப் பலகையில் ஏற்றி வைத்திருந்தோம், அவ்வளவுதான். நிழலுக்கான கழிவை நானே கையால் மாற்றினேன்.

இங்கே நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டத்தில் இருபது நிமிடம் நிழல் பற்றி உருகி உருகிப் பேசினேன். கடைசியில் ஒருவர் மெதுவாகக் கேட்டார், "சார், எந்த நிழல்?" பழைய கணினிகளில் அந்த மென்பொருள் நிழல் காட்டுவதை அணைத்தே வைத்திருக்கும், அமைப்பில் போய் நாமாக இயக்க வேண்டும். வந்திருந்த பதினொரு பேரில் என்னையும் சேர்த்து நான்கு பேருக்குத்தான் நிழல் தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள்.

கடற்கரைக்கென்று சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது சூடு. பேனலின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் குறிக்கப்பட்டது. வெயில் காலத்தில் பேனலின் மேல் 60 டிகிரி சாதாரணம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போனால் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்துவிடும். மாடிக்கும் பேனலுக்கும் இடையில் கடல்காற்று புக இடம் விட்டால் கொஞ்சம் மீட்கலாம். இரண்டாவது உப்பு. அலுமினியச் சட்டத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் முடுக்கினால் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். பேனலைக் கழுவுகிறேன் என்று நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் கட்டும், அதற்குக் கழுவாமலே இருக்கலாம். அதிகாலையில் நல்ல தண்ணீரில் துணியால் துடைப்பது நல்லது. வாங்கும்போது உப்புப்பனிச் சோதனையில் தேறிய பேனலா என்று கேளுங்கள், அதற்குத் தனித் தரச் சான்று உண்டு.

இந்த உப்பில்தான் ஓவியமும் சோலாரும் ஒன்று சேர்ந்தன. சுண்ணச் சாந்துக்குள் ஈரத்தோடு ஏறும் உப்பு, ஈரம் காயும்போது படிகமாகிப் பருக்கும். பருத்து, மேலிருக்கும் வண்ணப் படலத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பழைய சுவரோவியங்கள் உதிர்வதற்கு இது முக்கியமான ஒரு காரணம். ஒரே கூட்டத்தில் இடப்பக்கம் ஒரு சுவரையும் வலப்பக்கம் ஒரு பேனலையும் வைத்து, காலம் ஓட ஓட இரண்டும் எப்படிக் கெடுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினோம். உப்பளத்தில் வேலை பார்த்த அம்மா ஒருவர் அன்று கேட்ட கேள்விகள்தான் தரமானவை. பாத்தியில் உப்பு எப்படிப் பூக்கிறது என்று பார்த்தே வளர்ந்தவர் அவர், சுவருக்குள் நடப்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கமுதியைக் கட்டலாமா என்று ஒரு மாணவர் ஆசைப்பட்டார். 2016இல் இயங்கத் தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்று அது: 648 மெகாவாட், சுமார் 2500 ஏக்கர். கணக்குப் போட்டால் செகண்ட் லைஃபின் 154 நிலப்பகுதிகள் வேண்டும். வேண்டாம் என்றேன். ஒரு வரிசைப் பேனலைக் கட்டி, அந்த 154 கட்டத்தை வரைபடமாகத் தரையில் விரித்து அதன் மேல் நடக்கவிட்டோம். அந்த 648 என்பது நல்ல நடுப்பகல் வெயிலில் எட்டும் உச்சம், இரவில் சுழி என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால், "மெகாவாட்டுக்கும் யூனிட்டுக்கும் என்ன வித்தியாசம்" என்கிற பழைய குழப்பமும் தீரும். வீட்டுக் கூரைக்கு வந்தால் கணக்கு எளிது: ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம், நாளுக்குச் சராசரி நான்கு யூனிட். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பொதுக் கூட்டத்தில் எழுபது சதவீதக் கேள்வி இந்த மானியத்தைப் பற்றித்தான் வரும், தயாராகப் போங்கள்.

எந்த உலகத்தில் நடத்துவது? செகண்ட் லைஃபில் தனி நிலப்பகுதி எடுத்தால் மாத வாடகை நம் பணத்தில் ஐந்து இலக்கம். தேவையில்லை. ஓப்பன்சிமுலேட்டர் என்ற திறந்த மூல மென்பொருள் 2007இலிருந்து இருக்கிறது, அதே பாணி, சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். கைபேசியில் உலாவி வழியாகவே வர வேண்டுமென்றால் ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறை மென்பொருள். மொசில்லா 2024 மே மாதத்தோடு அதைக் கைவிட்டுவிட்டது, ஆனாலும் மூல நிரல் திறந்தே இருக்கிறது. அதில் கூட்டத்தின் நடுவே சூரியனை நகர்த்துவது அவ்வளவு சுலபமில்லை. காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று அறை செய்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாசல் வைத்து நாங்கள் சமாளித்தோம். எதுவானாலும் தமிழ் எழுத்தைப் படமாக்கி ஒட்டுங்கள், அப்போது எந்தக் கருவியிலும் எழுத்து உடையாது.

ஆனால் ஆளுக்கொரு கணினி என்று எதிர்பார்த்தால் நம் கடற்கரையில் கூட்டம் சேராது. கண்கூடாகப் பார்த்துவிட்டேன். எங்களுக்குச் சரிப்பட்டது இது: ஒரு பள்ளி அறை, ஒரு நல்ல கணினி, ஒரு புரொஜக்டர், நாற்பது நாற்காலி. விசைப்பலகையில் உட்காரும் பிள்ளைக்குச் சுக்கான் என்று பெயர் வைத்தோம். கூட்டம் சொல்கிற பக்கம் சுக்கான் திருப்ப வேண்டும். "மேலே போ", "அந்தத் தூணுக்குப் பின்னாடி என்ன இருக்கு பாரு", "சூரியனை இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று அறையே சத்தமாக இருக்கும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தங்கள் உருவத்தோடு உள்ளே வந்து நிற்பார்கள். துபாயிலிருந்து வந்த ஒருவரைத் திரையில் பார்த்து, "காக்கா, தொப்பி நல்லா இருக்கு" என்று கீழக்கரைப் பையன் கத்தியது (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்) இன்னும் காதில் இருக்கிறது.

வெளிநாட்டு அறிஞரைப் பேச அழைத்தால் நேரத்தைப் பாருங்கள். செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரம். அவர்களுக்குக் கோடையில் காலை ஏழு என்றால் நமக்கு இரவு ஏழரை. அவர்கள் நண்பகல் என்று போட்டால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும், ஒருவரும் வரமாட்டார்கள். மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வாடைக்காலத்தில் சோலார் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கூட்டம் சிரிக்கிற சிரிப்பை அடக்க முடியாது. கணினி, இணையப் பெட்டி இரண்டையும் இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள்.

முதல் கூட்டத்தைச் சித்திரை முதல் நாளை ஒட்டி வையுங்கள். பள்ளி வாசலில் ஒரு கம்பை நேராக நட்டு, நடுப்பகலில் அதன் நிழல் அடிக்குள் ஒடுங்குவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு உள்ளே வந்து மெய்நிகர் மாடியில் நட்ட கம்போடு ஒத்துப்பார்க்கட்டும். நமக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராது, ஏறத்தாழ 12:15க்குத்தான் வரும், இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகை நமக்குக் கிழக்கே இருப்பதால். நான் பன்னிரண்டுக்கே பார்த்துவிட்டு, நிழல் ஒத்துவரவில்லை என்று நிரல் எழுதிய பையனைப் பிடித்துத் திட்டியிருக்கிறேன்.